இரவல் குரல்

துனிஸிலிருந்து கிளம்பும்போதே லம்ஜெத்துக்குக் குரல் இல்லை.
நேற்றிரவு மச்சான் கல்யாணத்தில்
விடியும்வரை பாடித் தொலைத்திருக்கிறான்.
தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினான், பிறகு என்னை,
பிறகு வேனில் இருந்த பதினோரு பேரையும்.
புரிந்துவிட்டது. புரியாதவன் போல
மெட்ஜெஸ் எல் பாப் தாண்டும்வரை
சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது வருடமாகத் தூகாவுக்கு ஆள் ஏற்றுகிறேன்.
ஒரு நாளும் உள்ளே போனதில்லை.
ஆலிவ் நிழலில் வண்டியை விட்டு
இருக்கையைச் சாய்த்தால் உறக்கம்.
எனக்குத் தெரிந்த தூகா
காலுறைகளில் ஒட்டி வரும் முள்விதை,
மிதியடியில் உதிரும் மஞ்சள் மண்,
'என்ன வெயில்' என்று எல்லா நாட்டாரும்
திரும்பி வந்து சொல்லும் ஒரே வரி.

இன்று அவன் காதில் ஊத, நான் உரக்கச் சொன்னேன்.
என் பிரெஞ்சு மார்செய்யில்
நான்கு வருடம் டயர் மாற்றிக் கற்றது.
கோயில் படியில் நின்று
யூப்பிட்டர், யூனோ, மினெர்வா என்றான்.
'மூன்று முதலாளி, ஒரே கடை' என்றேன்.
பெல்ஜியத்துக்காரி சிரித்து, நோட்டில் எழுதிக்கொண்டாள்.
விலாவில் ஒரு முழங்கை இடி.

பொதுக் கழிப்பறை. லாடம்போல் வளைந்த கல்லில்
பன்னிரண்டு துளைகள்.
அவன் வாய் திறக்குமுன் நானே தொடங்கிவிட்டேன்:
இப்படி உட்கார்ந்தால் எல்லாருக்கும் எல்லார் முகமும் தெரியும்,
கடன் வாங்கியவன் வீட்டிலேயே போய்விட்டு வருவது நல்லது.

காற்றுச் சதுக்கத்தில் தரையில் செதுக்கிய வட்டம்.
பன்னிரண்டு காற்றுக்குப் பன்னிரண்டு பெயர்.
பட்டியலில் இல்லாத ஒன்று வந்து
அவன் உதட்டுக்கும் என் காதுக்கும் நடுவே இருந்ததை எல்லாம்
வாரிக்கொண்டு போனது.
மூன்றாம் தடவை 'என்ன?' என்றதும் கையை விரித்தான்.
நானும் விரித்தேன்.
பதினோரு பேரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள்,
மீதியைக் கல்லே சொல்லிவிடும் என்பதுபோல.

பிறகு அரங்கம்.
எனக்கு மூட்டு வலி. இருந்தும் மற்றவர்களோடு
கடைசி வரிசைவரை ஏறிவிட்டேன்.
கீழே மேடையில் லம்ஜெத் தனியாக,
கட்டைவிரல் அளவு.
'நூரி, அந்தப் போலந்துக்காரர்
காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. கவனி.'
என் தோளுக்குப் பின்னால் நின்று பேசியதுபோல் இருந்தது.
திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை.
அவனும் நிமிர்ந்து பார்த்தான்,
எல்லாத் தலைகளும் தன் பக்கம் திரும்பியதை.
சற்று நேரம் அசையவில்லை.
பிறகு அதே கிசுகிசுப்பில், எங்கள் பாஷையில்:
'அப்படியென்றால் இத்தனை வருடமும்
இங்கே நின்று நான் எதற்குக் கத்தினேன்?'

'என்ன சொல்கிறார்?' என்றாள் பெல்ஜியத்துக்காரி.
மூவாயிரத்து ஐந்நூறு பேர் உட்காரலாமாம் என்றேன்.

புதுத் தூகாவில் ம்பார்காவின் வீட்டில் சாப்பாடு.
பூசணியும் கொண்டைக்கடலையும் ஆட்டிறைச்சியும்
மேலே குவித்த குஸ்குஸ்,
அடுப்புச் சுவரிலிருந்து பிய்த்தெடுத்த சூட்டோடு ரொட்டி,
தொட்டுக்கொள்ள எண்ணெய்.
'சண்டையா உங்களுக்குள்?' என்றாள் என்னிடம்.
அவன் இப்படிப் பேசாமல் தின்று அவள் பார்த்ததில்லை.
விஷயம் தெரிந்ததும் ஒரு கரண்டி ஹரிஸ்ஸாவை
ரொட்டியில் தடவி அவன் வாய்க்குள் திணித்தாள்.
கண், மூக்கு, நெற்றி எல்லாம் ஒழுக,
துருப்பிடித்த கதவு திறப்பதுபோல் ஒரு சொல் வந்தது:
'உப்பு.'
மேசை முழுக்கக் கைதட்டல்.
ம்பார்கா மட்டும் தட்டவில்லை. ஒரு சிட்டிகை குஸ்குஸை எடுத்து
நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் பின்னால் எல்லாரும் உறக்கம்.
கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் கணுக்காலில் குத்தியது.
என் காலுறையிலும் முள்விதை.
இன்றைய வழிகாட்டிக் கூலியில் பாதி எனக்கு என்றேன்.
லம்ஜெத் மூன்று விரல் மடக்கிக் காட்டினான்:
அரங்கத்துக்குக் கிடையாது, கழிப்பறைக்குக் கிடையாது,
காற்றுக்கு நிச்சயம் கிடையாது.
டெஸ்தூர் வரும்வரை பேரம் நடந்தது,
அவன் விரலால், நான் வாயால்.